குளம்படித் தண்ணீர்: நீட்சேயும் சண்டாளனும்

தமிழில் நீட்சேயை அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பைத்தியக்காரனிலிருந்து தொடங்குவார்கள். பட்டப்பகலில் லாந்தரைக் கொளுத்திக்கொண்டு சந்தைக்குள் ஓடிவந்து கடவுளைத் தேடுகிறவன். கடவுள் செத்துப்போனார், கொன்றது நாம்தான் என்று அறிவிக்கிறவன். 1882இல் வந்த 'களிப்பான அறிவியல்' நூலின் 125ஆம் பகுதி அது. நல்ல பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் தொடங்க நினைக்கும் பக்கம் வேறு. 1888இல் எழுதப்பட்டு 1889 ஜனவரியில் வெளிவந்த 'விக்கிரகங்களின் அந்தி' என்ற சின்னப் புத்தகத்தில் மனித குலத்தைத் திருத்த வந்தவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஐந்தே பகுதிகள். அதில் நாம் இருக்கிறோம். பெயர் சொல்லியே இருக்கிறோம்: சண்டாளன்.

ஜெர்மன்காரன் எதையோ எழுதிவிட்டுப் போனான், நமக்கென்ன வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். வந்தது உண்டு. 1990களில் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவும் தெரிதாவும் வந்து இறங்கியபோது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நீட்சேயும் வந்தார். கட்டுடைப்பு, அதிகாரம், மதிப்பீடுகளின் தலைகீழாக்கம் என்று பேசியவர்கள் அவரைக் கலகக்காரராகவே கொண்டாடினார்கள். தலித் அரசியலைப் பேசிய நாமும் அந்தக் கொண்டாட்டத்தில் ஓரமாக நின்றோம். கடவுளையும் ஒழுக்கத்தையும் கேள்வி கேட்டவன் நம்ம ஆள்தானே என்ற நினைப்பு. அந்த நினைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் எதை உடைத்தான் என்று மட்டும் பார்த்தால் போதாது. உடைத்துக்கொண்டே போனவன் எந்த இடத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான் என்றும் பார்க்க வேண்டும்.

*

முதலில் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நீட்சே 1844இல் பிரஷ்யாவின் ராக்கன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா லூத்தரன் சபைப் போதகர். 24 வயதில், 1869இல், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பழமொழிகளின் இயலுக்குப் பேராசிரியர், அதாவது கிரேக்க, லத்தீன் நூல்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பது அவர் தொழில். 1879இல் உடம்பு முடியாமல் வேலையை விட்டார். அதன்பிறகு பத்து வருஷம் ஊர் ஊராக அலைந்து எழுதினார். 1889 ஜனவரியில் இத்தாலியின் தூரின் நகரில் மனம் சிதைந்தது. 1900இல் செத்தார்.

சொல்லைப் பிரிக்கும் அந்தத் தொழிலை 1887இல் எழுதிய 'ஒழுக்கத்தின் வம்சாவளி' நூலில் அவர் ஒழுக்கத்தின் மேலேயே காட்டினார். நல்லது எது, கெட்டது எது என்று அதுவரை தத்துவவாதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீட்சே கேட்டது: 'நல்லது' என்ற பெயரை வைத்தவன் யார்? அவன் எங்கே உட்கார்ந்துகொண்டு வைத்தான்? அவருடைய பதில் இது. மேலே இருந்தவன் தன்னையும் தன் செய்கையையும் 'நல்லது' என்றான். கீழே இருந்தவனை 'கெட்டது' என்றான். ஜெர்மன் மொழியில் கெட்டதைக் குறிக்கும் சொல் முன்பு எளியவன், சாமானியன் என்பதைத்தான் குறித்தது என்கிறார். லத்தீனில் கெட்டதைக் குறிக்கும் சொல்லைக் கிரேக்கத்தில் கருப்பைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துவைத்து, வெள்ளைத் தோல் ஆரியன் வருவதற்கு முன் அந்த மண்ணில் இருந்த கருத்த மனுஷனின் அடையாளம் அதற்குள் இருக்கலாம் என்கிறார். இந்தச் சொல்லாராய்ச்சியில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நிற்காது என்பது வேறு விஷயம். வழி முக்கியம். ஒழுக்கம் வானத்திலிருந்து விழவில்லை, அதற்கு வம்சாவளி உண்டு, அந்த வம்சாவளியில் எஜமானன் இருக்கிறான் என்று காட்டும் வழி.

இந்த வழியில் நம் மொழிக்குள் நடந்து பாருங்கள். கோபம் வந்தால் நம்ம ஊர்ப் பொம்பளைகள் எல்லாச் சாதியிலும் வைவார்கள்: "சண்டாளப் பாவி, நீ நல்லாருப்பியா?" சேரியில்கூட இந்த வசவு உண்டு. பெத்த பிள்ளையையே "அடே சண்டாளா" என்று திட்டுகிற தாய் உண்டு. ஒரு பிறப்பின் பெயரும் ஒரு குற்றத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வருகின்றன. சண்டாளன் என்றால் பாவி, பாவி என்றால் சண்டாளன். 'நல்ல சாதி', 'ஈனப்பிறவி', 'கீழ்த்தரம்' என்ற சொற்களையும் இதே வரிசையில் வையுங்கள். சாதியின் படிக்கட்டை ஒழுக்கத்தின் படிக்கட்டாக மாற்றி நம் நாக்கிலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். வம்சாவளி நூலின் முதல் கட்டுரை சொல்வதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி ஐரோப்பாவில் கிடைக்காது.

இரண்டாவது கட்டுரையும் நமக்கு ஆகும். குற்றவுணர்வு எங்கிருந்து வந்தது என்று கேட்டு, கடனிலிருந்து என்கிறார். ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே வேர்ச்சொல். கொடுத்தவன் வாங்கினவன் உடம்பில் வசூலித்த வலிதான் நாளடைவில் மனசாட்சியாக உள்ளே போனது என்பது அவர் வாதம். தமிழில் 'கடன்' என்ற சொல் வாங்கின பணத்துக்கும் ஆகும், செய்தாக வேண்டிய கடமைக்கும் ஆகும். பண்ணைக்கு அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஆளாகப் போனான். அதற்கு மேலே கர்மவினை என்று ஒரு கடன். போன ஜென்மத்தில் பட்டதாம், நோட்டு எழுதினவனையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வசூல் மட்டும் தவறாமல் நடக்கிறது. கர்மக் கொள்கையைக் கணக்குப் புத்தகமாகப் படிக்க நீட்சே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இவ்வளவும் அவர் கொடுத்தது. இனி அவர் நின்ற இடம்.

*

1888 மே கடைசியில் நீட்சே தூரினில் இருந்தார். மனுவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று கையில் கிடைத்தது. மே 31ஆம் தேதி பீட்டர் காஸ்ட் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவிலேயே பெரிய பூசாரிகளும் பண்டிதர்களும் கூட இருந்து சரிபார்த்த மொழிபெயர்ப்பு என்று அதில் நம்பிக்கையோடு சொல்கிறார். அது லூயி ஜாகோலியோ என்பவர் 1876இல் வெளியிட்ட நூல். பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாக இருந்தவர் அவர். மனு, மோசே, முகமது மூவரையும் ஒரே அட்டைக்குள் போட்டவர். சண்டாளர்கள்தான் இந்தியாவைவிட்டு மேற்கே போய் யூதர் முதலான செமித்திய இனங்களானார்கள் என்ற கட்டுக்கதையையும் அடிக்குறிப்பில் சேர்த்தவர். நீட்சே இதையும் நம்பினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1886இல், புல்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தோழர் பால் டாய்சனோ பெரிய சமஸ்கிருத, வேதாந்த அறிஞர். ஒரு கார்டு போட்டிருந்தால் விசாரித்திருக்கலாம். கிரேக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி கேட்டவர் இந்தப் புத்தகத்துக்கு வம்சாவளி கேட்கவில்லை.

'விக்கிரகங்களின் அந்தி'யில் இந்த நூலிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறார். சண்டாளன் வெங்காயமும் பூண்டும்தான் தின்னலாம். தானியம் கொடுக்கக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது. ஆற்றிலும் ஊற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கக்கூடாது. சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் மாடுகன்று மிதித்த குளம்படிக் குழியிலும் தேங்கினதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் குடிக்க மட்டும், குளிக்கவும் துவைக்கவும் கூடாது. சண்டாளப் பெண்ணின் பிரசவத்துக்குச் சூத்திரப் பெண் போகக்கூடாது, சண்டாளப் பெண்கள் ஒருத்திக்கொருத்தியும் உதவக்கூடாது. பிணத்தின் துணி, உடைந்த சட்டி, பழைய இரும்பில் நகை, ஓயாத அலைச்சல்.

இந்தப் பட்டியலில் ஜாகோலியோவின் சரக்கு எது, மனுவின் சரக்கு எது என்று பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே ஒரு சாஸ்திரி எழுந்து, மனு பாவம், வெள்ளைக்காரன் கட்டிவிட்டான் என்பார். பூண்டும் குளம்படித் தண்ணீரும் பிரசவத் தடையும் மனுஸ்மிருதியின் அறியப்பட்ட பாடத்தில் இல்லை. பிணத்தின் துணியும் உடைந்த சட்டியும் இரும்பு நகையும் அலைச்சலும் பத்தாம் அத்தியாயம் 52ஆம் சுலோகத்தில் அப்படியே இருக்கின்றன. ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் சொத்து என்பது 51. இரவில் ஊருக்குள் நடமாடக்கூடாது என்பது 54. அரசன் போட்ட அடையாளத்தோடு பகலில் வேலைக்கு வரவேண்டும், நாதியற்ற பிணத்தைச் சுமக்க வேண்டும் என்பது 55. ஆக, மனுவுக்கு வக்கீல் வைக்கிறவர்களுக்கு இதில் லாபமில்லை. ஜாகோலியோ சேர்த்ததும் இந்த மரத்திலேயே முளைத்த கிளைதான்.

இதைப் படித்ததும் நீட்சே என்ன சொன்னார்? அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். ஐரோப்பியனுடைய உணர்ச்சிக்கு இதைவிட விரோதமானது வேறில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். மனு, பிளேட்டோ, கன்ஃபூசியஸ், யூத, கிறிஸ்தவப் போதகர்கள் எல்லோருமே பொய் சொல்லத் தங்களுக்கு உரிமை இருப்பதாக நினைத்தவர்கள் என்றும் அதே அத்தியாயத்தில் எழுதுகிறார். அந்த வருஷத்துக் குறிப்பேட்டில் மனுவின் நூல் முழுக்கப் புனிதப் பொய்மேல் கட்டப்பட்டது என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் இத்தனையையும் கண்டவர் கடைசியில் மனுவின் காற்றைச் சுவாசிப்பதே நிம்மதி, கிறிஸ்தவத்தின் ஆஸ்பத்திரி நாற்றத்திலிருந்து விடுதலை என்கிறார். கிறிஸ்தவம் என்பது சண்டாள மதிப்பீடுகளின் வெற்றி என்று திட்டுகிறார். அடுத்து எழுதிய 'கிறிஸ்துவின் எதிரி' நூலின் 56, 57ஆம் பகுதிகளில் இன்னும் வெளிப்படை. சாதிப் படிநிலை இயற்கையின் சட்டம், மனு அதை எழுதிவைத்தான், அவ்வளவுதான் என்கிறார். உரிமைகள் சமமில்லாமல் இருப்பதுதான் உரிமை என்ற ஒன்று இருப்பதற்கே நிபந்தனை என்கிறார். உழைப்பவனைத் திருப்தியில்லாதவனாக்குகிற சோஷலிஸ்டுகளைச் சண்டாளத் தூதர்கள் என்கிறார். பொய்யில் தவறில்லை, எதற்காகச் சொன்னாய் என்பதே கேள்வி. மனுவின் நோக்கம் உயர்ந்தது, ஆகவே மன்னிக்கலாம். இதுதான் தீர்ப்பு.

நீட்சேயின் ரசிகர்கள் இந்த இடத்தில் அவருடைய தங்கையை இழுத்துக்கொண்டு வருவார்கள். எலிசபெத் யூத வெறுப்புக்காரி, அண்ணன் எழுத்தைக் கெடுத்தவள், ஹிட்லரோடு உறவாடினவள் என்பார்கள். எல்லாம் உண்மை. நீட்சே தன் காலத்து யூத வெறுப்பாளர்களை அருவருத்தார் என்பதும் உண்மை. குறிப்புகளைத் திரட்டித் தங்கை பார்த்து வெளிவந்த 'அதிகாரத்துக்கான விழைவு' தொகுப்புக்கு அந்தச் சமாதானம் செல்லும். மனுவைப் பற்றிய பக்கங்களுக்குச் செல்லாது. 'விக்கிரகங்களின் அந்தி'யை நீட்சேயே எழுதி, நீட்சேயே அச்சுக்குக் கொடுத்து, நீட்சேயே பிழை திருத்தினார். 'கிறிஸ்துவின் எதிரி'யையும் 1888 செப்டம்பரில் தன் கையாலேயே முடித்தார்.

என் குற்றச்சாட்டு, அவர் நம்மைத் திட்டினார் என்பதல்ல. திட்டு நமக்குப் புதுசா? என் குற்றச்சாட்டு அவருடைய முறையைப் பற்றியது. முந்தின வருஷம்தான் வம்சாவளி நூலில் பூசாரியைத் தோலுரித்தார். சுத்தம், தீட்டு என்ற பேச்சு ஆரம்பத்தில் குளிப்பது, சில உணவைத் தள்ளுவது, கீழ்க்குடிப் பெண்களிடம் போகாமல் இருப்பது என்ற அளவில்தான் இருந்தது. பூசாரிக் கூட்டத்தின் கையில் அது ஆழமாகி ஆபத்தானது என்று எழுதினார். பூசாரியின் வாழ்க்கை முறையே நோய் என்றார். அந்த இடத்தில் பிராமணரையும் பெயர் சொன்னார். உலகத்திலேயே பெரிய வெறுப்பு பூசாரியின் வெறுப்பு, ஏனென்றால் அவனுக்குக் கையில் வலு இல்லை என்றார். அப்படியானால் மனுவின் பத்தாம் அத்தியாயத்தை எழுதினது எந்த வெறுப்பு? பிராமணப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்தவனைத்தான் சண்டாளன் என்கிறது 12ஆம் சுலோகம். தன் வீட்டுப் பெண் தன் கைமீறிப் போன அச்சம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு குழந்தையின் பிறப்பைப் பார்த்து நடுங்குகிறவனை வலிமையான எஜமானன் என்று எப்படிச் சொல்வது? காழ்ப்பு என்று நீட்சே எதைச் சொன்னாரோ அதன் முழு ரூபம் மனுதான். யூதப் பூசாரியிடமும் கிறிஸ்தவப் பாதிரியிடமும் கத்தியை வைத்தவர், பார்ப்பனப் பூசாரியைக் கண்டதும் கத்தியை உறையில் போட்டுவிட்டார்.

*

இதை முதலில் கண்டவர் அம்பேத்கர். 'இந்து மதத் தத்துவம்' என்ற அவருடைய எழுத்து அவர் வாழ்ந்தபோது அச்சேறவில்லை. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுப்பின் மூன்றாம் தொகுதியில் 1987இல் வந்தது. அதில் நீட்சேயையும் மனுவையும் அருகருகே நிறுத்துகிறார். ஜரதுஸ்ட்ரா மனுவுக்கு இட்ட புதுப்பெயர் என்கிற அளவுக்குப் போகிறார். கூடவே ஒரு வித்தியாசத்தையும் குறிக்கிறார். நீட்சே புதிதாக ஓர் உயர்ந்த மனித இனம் உருவாக வேண்டும் என்று கனவு கண்டார், அங்கே தகுதி அளவுகோல். மனுவுக்கு அந்தக் கனவும் இல்லை. ஏற்கனவே மேலே உட்கார்ந்துகொண்ட ஒரு கூட்டத்தின் சலுகையைப் பிறப்பை வைத்துப் பாதுகாப்பதே வேலை. ஆகவே மனு நீட்சேயைவிடக் கீழ் என்பது அம்பேத்கரின் முடிவு.

காலக்கணக்கில் இங்கே ஒரு திருத்தம் சொல்லலாம். 'ஜரதுஸ்ட்ரா' 1883 முதல் 1885 வரை எழுதப்பட்டது. மனு நீட்சேயின் கைக்கு வந்தது 1888இல்தான். மனுவிலிருந்து ஜரதுஸ்ட்ரா பிறக்கவில்லை. ஆனால் இந்தத் திருத்தம் அம்பேத்கரின் வாதத்தைப் பலமாக்குகிறது. மனுவைப் படிக்கும் முன்பே ஒரு மனுவுக்கான நாற்காலியைத் துடைத்துவைத்திருந்த சிந்தனை அது. ஆள் வந்ததும் உட்காரவைத்தது.

நீட்சேக்கு ஏழு மாதம் இளையவர் நம் அயோத்திதாச பண்டிதர், 1845இல் பிறந்தவர். அவருக்கு இவரைத் தெரிந்திருக்கக் காரணமில்லை, இவருக்கு அவரையும்தான். ஆனாலும் 1907இல் தொடங்கிய 'தமிழன்' வார இதழில் பண்டிதர் வாரா வாரம் கேட்டதும் இதே கேள்வி: இந்த இழிபெயரை வைத்தவன் யார், எப்போது, என்ன லாபத்துக்காக? யதார்த்த பிராமணன் யார், வேஷ பிராமணன் யார் என்று பிரித்தார். அவருடைய சொல்லாராய்ச்சியிலும் நிற்பது உண்டு, நிற்காதது உண்டு. ஆனால் நீட்சே கத்தியை வைத்த இடத்திலிருந்து எடுத்து மேலே அறுத்தவர் அவர். கீழே இருந்து பார்க்கிறவனால் மட்டுமே அறுக்க முடிகிற இடம் ஒன்று இருக்கிறது.

*

கடைசியாக, எழுதுகிற தோழர்களுக்கு மிக முக்கியமான விஷயம். நீட்சேயின் 'காழ்ப்பு' என்ற கருத்து பல வேஷங்களில் நம்மீதே திரும்பிவரும். 'தலித் எழுத்தில் வெறுப்புதான் இருக்கிறது', 'புலம்பலும் பழியும்தான்', 'எதிர்ப்பதைத் தவிர சொந்தமாக என்ன படைத்தீர்கள்?' என்ற விமர்சனங்களைக் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம், ஆனால் அது வம்சாவளி நூலின் முதல் கட்டுரைதான். செயலால் பதிலடி கொடுக்க முடியாதவன் கற்பனையில் பழிவாங்குகிறான், எஜமானன் 'ஆம்' என்று தொடங்குகிறான், அடிமை 'இல்லை' என்று தொடங்குகிறான் என்பது அங்கே சொல்லப்படுகிறது.

1927 மார்ச் 20ஐ இதற்குப் பக்கத்தில் வையுங்கள். குளம்படிக் குழியில் மட்டும் தண்ணீர் எடுக்கலாம் என்று நீட்சே எழுதிய 39 வருஷம் கழித்து, மஹாட் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். ஆடுமாடு குடிக்கலாம், மற்ற மதத்தவர் குடிக்கலாம், நாம் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 25இல் மனுஸ்மிருதி அங்கே எரிக்கப்பட்டது. குளத்து வழக்கு 1937 வரை நடந்து நம் பக்கம் தீர்ப்பானது. இதில் கற்பனைப் பழிவாங்கல் எங்கே இருக்கிறது? தாகத்துக்குத் தண்ணீர் குடித்தல் 'இல்லை' என்று தொடங்குகிற காரியமா? அன்றைக்கு 'இல்லை' என்று தொடங்கியவன் குளத்தைக் கழுவினவன்தான். அவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நாம் தொடாமல் இருந்தாக வேண்டியிருக்கிறது. நாம் தொட்டால் அவனுடைய உயர்வு கரைந்துவிடுகிறது. நீட்சேயின் சொல்படியே அடிமை ஒழுக்கம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பௌத்தத்திலும் இதே கதைதான். கிறிஸ்தவத்தைவிடப் பௌத்தம் நூறு மடங்கு யதார்த்தமானது, பாவத்தோடு அல்லாமல் துன்பத்தோடு போராடுவது, காழ்ப்பு இல்லாதது என்று 'கிறிஸ்துவின் எதிரி'யிலேயே பாராட்டுகிறார். ஆனால் அது மேல்தட்டாரின், படித்தவர்களின், களைத்துப்போனவர்களின் மதம் என்பது அவர் கணக்கு. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான கூலிக்காரர்களும் தோட்டிகளும் மில் தொழிலாளிகளும் அந்தத் தம்மத்தை ஏற்றார்கள். களைத்துப்போய் ஏற்கவில்லை, எழுந்து நின்று ஏற்றார்கள். பழைய மதிப்பீடுகளைப் போட்டுவிட்டுப் புதியவற்றைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மதிப்பீடுகளைப் படைப்பவனுக்காகக் காத்திருந்த தத்துவவாதிக்கு, அவன் சண்டாளனாக வருவான் என்று தோன்றவில்லை.

ஆகவே நீட்சேயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தலித் மாணவர்கள் வம்சாவளி நூலைப் படிக்க வேண்டும், வரிவரியாகப் படிக்க வேண்டும். படிக்கும்போது 'விக்கிரகங்களின் அந்தி'யின் அந்த ஐந்து பகுதிகளையும் 'கிறிஸ்துவின் எதிரி'யின் 56, 57ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலோ மேடையிலோ யாராவது கடவுளைக் கொன்றவர் என்று நீட்சேயை அறிமுகப்படுத்தினால் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, கடவுளைக் கொன்றவர் மனுவை ஏன் விட்டுவைத்தார்? பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.